வரி விழாத நேரம்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். கடைப் பலகையில் எழுத்துதான் மாறுகிறது, பேச்சு அதே கோயம்புத்தூர்த் தமிழ். சாயங்காலமானால் இந்தப் பக்கமும் வள்ளி கும்மி பழகுகிறார்கள். நான் போனது ஆட்டம் பார்க்க அல்ல. பாட்டுக் கட்டுகிற வாத்தியாருக்கு வரி முட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வார் என்று பார்க்க.

வள்ளி முருகன் கதை வழிவழியாக வந்த பாட்டு, அதில் சிக்கலில்லை. ஊருக்கு ஊர் புதிதாகச் சேர்க்கும் கண்ணிகளில்தான் அவருக்கு வேலை. அன்று எடுத்தது தண்ணீர் விஷயம். மூலத்தறை வலதுகரைக் கால்வாய் வேலந்தாவளம் வரை நீள வேண்டும் என்பது இந்த வறண்ட கிழக்குப் பகுதியின் பழைய கோரிக்கை. 'வலதுகரைக் கால்வாய்' தாளத்தில் உட்கார மறுத்தது. ஒடித்தார்.

"வலக்கரை வாய்க்கா வருமின்னு சொன்னாங்க..."

உட்கார்ந்துவிட்டது. ஆனால் அடுத்த வரி விழவில்லை.

மனிதர் காலை நிறுத்தவில்லை. ஜால்ராவைத் தட்டியபடி 'தன்னானே' போட்டார். வட்டம் முதல் வரியையே திருப்பிப் பாடியது. மறுபடி தன்னானே, மறுபடி அதே வரி. கும்மியில் வாத்தியார் சொன்னதை வட்டம் திருப்பிச் சொல்லியாக வேண்டும். அந்த மூச்சு நேரம் முழுக்க அவருக்கு யோசிக்கக் கிடைக்கிறது. ஆடுகிறவர்களுக்குத் தடங்கல் என்றே தெரியாது. வெள்ளைத் தாளோடு தனியாக மல்லுக்கட்டும் என் போன்றவர்களுக்கு ஏது இந்த வசதி!

பக்கத்து எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். அவர் மெட்டுப் போட்ட பல பாடல்களும் இப்படி அர்த்தமில்லாத தத்தகாரத்தில் தொடங்கியவைதான். கண்ணதாசன் வாயால் சொல்லச் சொல்லப் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். எங்கே குறில், எங்கே நெடில் என்று மெட்டே கேட்டுவிடுகிறது. 'எதையாவது எழுது' என்றால்தான் கை நடுங்கும். இத்தனை அசைக்குள் எழுது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு காலத்தில் வள்ளி கும்மி ஆண்கள் மட்டுமே ஆடிய வட்டம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் அந்த வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெண்களும் ஆட வந்ததன் பலனை அன்று கண்ணெதிரே பார்த்தேன். நாலைந்து சுற்று ஆனதும், வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஓர் அக்கா, கை தட்டுவதை விடாமல் எடுத்துக் கொடுத்தார்:

"வயித்துல இருந்தவங்க வயசாகி நின்னாங்க!"

சிரிப்பில் அடவு கலைந்தது. வாத்தியார் மட்டும் மோனை சரியா என்று முணுமுணுத்துப் பார்த்தார். தலையாட்டி, முதலிலிருந்து எடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம். "ஏனுங்க வாத்தியாரே, அரங்கேத்தத்துக்கு பஞ்சாயத்து மெம்பர் வருவாருங்களே. இதப் பாடலாமுங்களா?"

"அவரு வீட்லயும் குடத்தத் தூக்கிட்டு லாரிக்குத்தானம்மிணி நிக்கறாங்க. இன்னும் சத்தமாப் பாடுங்க."