தான்யூப் நதிக்கரையில்

புடாபெஸ்டு மாநகரில் துணைவியாரும் யாமும் நான்கு நாள் தங்கினோம். இரயில்வே குமாஸ்தா குடும்பமல்லவா? முதலில் கண்டது 1896-இல் திறக்கப்பெற்ற சுரங்க இரயிலே. ஐரோப்பியப் பெருநிலத்தில் மின்சாரத்தால் ஓடிய முதற் சுரங்க இரயில் அது. வீதியிலிருந்து சில படிகளே கீழே. மஞ்சள் வண்டிகளோ மிகச் சிறியவை. "இதற்கா இத்தனை தூரம்?" என்றார் துணைவியார்.

சங்கிலிப் பாலத்தை 1945-இல் ஜெர்மானியப் படை தகர்த்தது. அதன் நூறாம் ஆண்டாகிய 1949-இல் மீண்டும் திறந்தனர்.

அங்கிருந்து பாராளுமன்றம் நோக்கிக் கரையோரம் நடந்தால், அறுபது இணை இரும்புக் காலணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் காலணி கழற்றச் செய்து, சுட்டு ஆற்றில் வீழ்த்தினர். அந்நினைவாக 2005-இல் வைத்தவை இவை. குழந்தைக் காலணிகளும் உள. துணைவியார் அவற்றருகே வெகுநேரம் அமர்ந்திருந்தார். மாலைப் படகு உலாவிற்குச் சீட்டு வாங்கியிருந்தோம், செல்லவில்லை.