பேச்சில்லாத அலை

பரீட்சார்த்த ஒலிபரப்பொன்று வானில் ஏறும்போது முதலில் இரைச்சல் அடங்கும். ரேடியோவின் முள்ளை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். கரகரப்பு ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று யாரோ கதவைச் சாத்தியதுபோல் அமைதி. எங்கோ ஒரு பெரிய ட்ரான்ஸ்மிட்டர் ஒலியேதும் ஏற்றாத வெறும் காவி அலையை மட்டும் அனுப்பத் தொடங்கியிருக்கிறது. அதைப் பிடித்த ரேடியோ தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்வதால்தான் அந்த அமைதி. பொறுத்திருந்தால் ஒரே சுருதியில் ஓர் ஊதல் வரும், பெரும்பாலும் 1,000 ஹேர்ட்ஸ். சிலவேளை ஒரே இசைத்துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

சிற்றலை கேட்பவர்களில் பலர் பேச்சுக்காகவும் பாட்டுக்காகவும் கேட்டார்கள். என்னை இழுத்தவை இந்தப் பேச்சில்லாத நிமிடங்கள். நிகழ்ச்சி ஓடும்போது மனம் சொல்லின் பின்னால் போய்விடும். சொல் இல்லாதபோதுதான் அலை வந்த பாதை காதில் விழும்.

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள உடப்பு அதற்கு வாய்த்த ஊர். மேற்கே கடல், கிழக்கே முந்தல் களப்பு. இரண்டு தென்னைகளுக்கிடையில் செப்புக்கம்பியைக் கட்டினால் ஏரியல் தயார். ஆனால் விறைப்பாகக் கட்டக்கூடாது. வாடைக்காற்றில் மரங்கள் ஆடும்போது கம்பி அறுந்துவிடும்; கயிற்றில் தளர்வு விட வேண்டும். உப்புக்காற்று செப்பில் பச்சைக் களிம்பு ஏற்றும் என்பதால் இணைப்புகளை அடிக்கடி சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பூமித்தொடுப்புக் கோலை கிணற்றடியின் ஈர மணலில் இறக்கினால் இரைச்சல் தெளிவாகக் குறையும்.

தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், சிலாபத்துக்கு அப்பால், இரணவில. வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா 1950களிலிருந்தே இலங்கையின் ட்ரான்ஸ்மிட்டர்கள் வழியாகத் தன் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்துவந்தது. இரணவிலக் கடற்கரையில் அமைந்தது அதன் சொந்த நிலையம், 250 கிலோவாட் சிற்றலை ட்ரான்ஸ்மிட்டர்களோடு. 1990களின் கடைசியில் அந்தப் பக்கத்துக் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான்: எப்போது பேசும்? எனக்கோ பேசுவதற்கு முன் அது என்ன செய்யும் என்பதில்தான் ஆர்வம்.

புதிய நிலையம் எடுத்த எடுப்பில் நிகழ்ச்சி அனுப்பாது. திரைபோல் தொங்கும் அன்டெனாக்களோடு ட்ரான்ஸ்மிட்டர் ஒத்துப்போகிறதா, ஒலி சிதைகிறதா, இருமடங்கு அலைவரிசையில் கசிவு இருக்கிறதா என்றெல்லாம் பொறியியலாளர்கள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வெறும் காவி அலையும் ஊதலும். பெயர் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை, அந்நேரம் அவர்கள் நேயர்களோடு பேசவில்லை. ஆகவே அது யார் என்று கண்டுபிடிப்பது கேட்பவன் வேலை.

என் முதல் சோதனை எளிது: ஊதல் ஏறி இறங்குகிறதா? அயன் மண்டலத்தில் பட்டுத் தெறித்து வரும் அலை பல வழிகளில் வந்து சேர்வதால் வீங்கும், தேயும், சிலவேளை உடைந்து கரகரக்கும். பக்கத்திலிருந்து வரும் தரையலைக்கு அந்த ஆட்டம் இல்லை. சிற்றலையின் தரையலை நிலத்தில் சீக்கிரம் செத்துவிடும், உப்புநீரின் மேல் நெடுந்தூரம் ஓடும். இரணவிலவும் உடப்பும் ஒரே கரையில் இருப்பதால், பகலிலும் இரவிலும் அசையாமல் நிற்கும் ஊதலென்றால் என் பார்வை முதலில் தெற்கே போகும்.

அடுத்தது பேயலைகளை விலக்குவது. சாதாரண ரேடியோவின் இடைநிலை அலைவரிசை 455 கிலோஹேர்ட்ஸ். அதன் இருமடங்கு 910. பலமான நிலையம் ஒன்று 12,000 கிலோஹேர்ட்ஸில் இருந்தால் மலிவான பெட்டியில் 910 கீழே, 11,090இலும் ஒலிக்கும். அறியாதவர்கள் அதை மர்ம நிலையமாக எழுதி வைப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: புத்தளத்திலிருந்து 882 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவோடு வரும் ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் மத்திய அலை. அந்த வலு ரேடியோவைத் திணறடித்தால் இல்லாத இடங்களிலெல்லாம் குரல்கள் முளைக்கும். ஏரியலைக் கழற்றிச் சிறு கம்பியை மாட்டிப் பார்ப்பேன். உண்மையான நிலையம் கொஞ்சம் மங்கும், திணறலால் முளைத்த பேயலை அடியோடு மறையும்.

மர்மம் என்றதும் எல்லோரும் எண் நிலையங்களைத்தான், அதாவது உளவாளிகளுக்குச் சங்கேத எண்கள் வாசிப்பதாக நம்பப்படும் நிலையங்களைத்தான், சொல்வார்கள். ‘செர்ரி ரைப்’ என்று நேயர்கள் பெயரிட்ட நிலையம் 2009 வரை ஆசியாவில் கேட்டது: பழைய மெட்டின் சில சுரங்கள், பிறகு ஐந்தைந்தாக எண்கள் வாசிக்கும் பெண்குரல். அடுத்தபடி சொல்வது, 1976 முதல் 1989 வரை உலகெங்கும் சிற்றலையைக் கொத்திய சோவியத் ராடாரை, வினாடிக்குப் பத்துத் தட்டு. இவற்றோடு பரீட்சார்த்த ஒலிபரப்பைக் குழப்பத் தேவையில்லை. எண் நிலையம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது, ஏனென்றால் எங்கோ ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார். சோதனைக்கு நேரக்கணக்கே கிடையாது. 9.17க்குத் தொடங்கி 9.31க்கு அறுந்துபோகும்.

நேரம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன; ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கின; 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே நீடித்தது. அந்தக் காலக் குறிப்பேட்டில் உள்ளூர் நேரத்தை எழுதியிருந்தால் இன்று அது எதற்கும் உதவாது. உலக நேரத்திலேயே எழுதப் பழகியவர்கள் தப்பினார்கள். நிலையத்தின் பொறியியலாளருக்குக் கேட்பவர் அனுப்பும் அறிக்கையில் நேரமும் அலைவரிசையும், அலையின் வலு, குறுக்கீடு போன்றவற்றை மதிப்பிடும் ஐந்து சின்போ எண்களும் பிசகாமல் இருந்தால், ஓர் ஊதலைப் பற்றிய கடிதமென்றாலும் அவருக்கு அது பயன்தரும். கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டை பிறகு வரும் மரியாதை.

இரணவில நிலையம் எழும்பியபோது அவ்வூர் மீனவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள், கத்தோலிக்கத் திருச்சபை துணை நின்றது. நிலம் போகும், தொழில் போகும், கதிர்வீச்சு வரும் என்ற அச்சம் அவர்களுக்கு. டில்லிக்கு வேறு அச்சம்: 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதபடி உறுதிசெய்யப்படும் என்று எழுதப்பட்டது. மீனவர்களின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தம் கரையில் எழும்பும் இயந்திரம் என்ன செய்கிறது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. வானில் ஏறும் ஒலிபரப்பை ஒரு ட்ரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு நாமே கேட்டுப் பார்க்கலாம் என்பதை அவர்களுக்கு யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

2016இல் நிலையம் மூடப்பட்டது. 2020இல் அந்தக் கட்டடம் கோவிட் சிகிச்சை நிலையமானது.

மற்ற நிலையங்களின் சோதனைகள் இன்னும் ஓயவில்லை. மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றில் உலகச் சிற்றலை அட்டவணைகள் மாறும். அதையொட்டிய நாட்களில் தேடிப் பாருங்கள். எல்.இ.டி. விளக்குகளும் போன் சார்ஜர்களும் இரைச்சலைக் கிளப்புவதால் வீட்டுக்குள் இருந்து பயனில்லை. பற்றரியில் ஓடும் பெட்டியோடு கடற்கரைக்குப் போங்கள். ஏறத்தாழ 10 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குத் தட்டையான இரைச்சல் ஒன்று வந்து, இரு ஓரமும் வெட்டினாற்போல் முடிந்தால் கடந்துபோய்விடாதீர்கள். அது டி.ஆர்.எம். எனும் டிஜிட்டல் ஒலிபரப்பு. அதன் நடு அலைவரிசையையும் உலக நேரத்தையும் குறித்துக்கொண்டு, மறுநாளும் அதே இடத்தில் கேளுங்கள்.