பழைய லாண்ட் றோவருக்குப் புதிய பிறேக்

மலர்க் குழுவினர் எனக்கு எழுதிய கடிதத்திலே, என் தொழிலனுபவத்தை ஒட்டி ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டிருந்தனர். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும், நாவலர் குருபூசைத் தினங்களைப் பற்றியும் என்னிலும் நன்றாக எழுதவல்லோர் இம்மலரிலே எழுதியிருப்பர். வாழ்நாளின் பெரும்பகுதியை இயந்திரங்களோடு கழித்த நான் எழுதத்தக்கது இயந்திரமே. ஆதலின், 1966ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட ஒரு லாண்ட் றோவருக்கு நானும் என் தம்பியின் மகனும் சென்ற ஆண்டு பிறேக் மாற்றிய வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன். பொறியியல் கல்லாதாரும் இதனைப் படிக்கலாம். மலைநாட்டு வீதிகளிலே பழைய வண்டியில் இறங்கும் எவருக்கும் இவ்விடயம் உரியது.

லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக உலகின்முன் வைக்கப்பட்டது. பயிர்ச்செய்கைக்கும் பாதையில்லா நிலத்துக்கும் என்றே அது பிறந்தது. நமது நாட்டிலே தேயிலைத் தோட்டங்களும் அரசாங்கத் திணைக்களங்களும் அதனை விரும்பி வாங்கின. எங்கள் வண்டி அப்படியொரு திணைக்களத்திலே உழைத்துக் களைத்து, ஏலத்திலே என் தம்பியின் கைக்கு வந்தது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 88 அங்குலம் கொண்ட குறுவண்டி. தம்பி இப்போது இல்லை. அவன் மகன் ஹப்புத்தளைக்கு அண்மையிலே ஒரு சிறு காணியிலே தேயிலையும் மரக்கறியும் செய்கிறான். மரக்கறியை ஏற்றிக்கொண்டு பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குவது அவனுடைய வாரவேலை. விடுமுறை நாட்களிலே அவனுடைய இரு பிள்ளைகளும் முன்னாசனத்திலே ஏறிக்கொள்வார்கள்.

ஒருநாள் தியலும நீர்வீழ்ச்சியருகே வண்டியை நிறுத்தியபோது சில்லுகளிலிருந்து கருகல் மணம் எழுந்ததென்றும், அடுத்த வளைவிலே பிறேக் மிதி பலகைபோல் இறுகியும் வண்டி நிற்க மறுத்ததென்றும் அவன் தொலைபேசியிலே சொன்னான். "பெரியப்பா, ஒரு சேர்வோவைப் பூட்டிவிட்டாற் போதுமல்லவா?" என்று கேட்டான். கராஜ்காரரும் அவ்வாறே சொல்லியிருந்தனராம். நான் அடுத்த நாளே புகைவண்டி ஏறினேன்.

சேர்வோ என்பது இயந்திரத்தின் உறிஞ்சலைக் கொண்டு காலின் அழுத்தத்துக்குத் துணைசெய்யும் ஒரு கருவி. மெலிந்த கால் தடித்த காலாகிறது, அவ்வளவே. சூடேறி வழுக்குகின்ற பிறேக்கைத் தடித்த காலால் மிதித்தால் அது இன்னும் சூடேறும். எமது பௌதிக ஆசிரியர் ஒரு பலகையைச் சாய்த்துச் செங்கல்லை வழுக்கவிட்டு, "சறுக்கி முடிந்த சக்தி எங்கே போயிற்று?" என்று வகுப்பைக் கேட்பார். நாங்கள் விழிப்போம். செங்கல்லின் அடியைத் தொட்டுப்பார்க்கச் சொல்வார். மருமக்கள் முறையல்லாத மகனுக்கு நானும் அதே பாடத்தைத்தான் நடத்தினேன். சுமையோடு 1,500 கிலோகிறாம் எடையுள்ள வண்டி 1,000 மீற்றர் உயரம் இறங்கும்போது கைவிடும் சக்தி, குளிர்ந்த தண்ணீர் 40 லீற்றருக்கு மேற்பட்டதைக் கொதிக்கவைக்கப் போதியது. ஹப்புத்தளையிலிருந்து வெல்லவாயவுக்கு இறக்கம் அதனிலும் அதிகம். இயந்திரமும் காற்றும் பங்கேற்காவிட்டால், அவ்வெப்பம் முழுவதையும் நான்கு இரும்பு டிறம்களே வாங்கவேண்டும். பெற்றோலை மிச்சம்பிடிக்கக் கியரை நியூற்றலிலே விட்டு இறங்குவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

டிறம் பிறேக்கின் இயல்பான குறை, சூடேறினால் டிறம் விரிந்து சூவிலிருந்து விலகிப்போவது. லைனிங்கின் உராய்வும் அப்பொழுது குன்றுகிறது. (பிறேக் சூவைச் சப்பாத்து என்று மொழிபெயர்க்க இன்றுவரை ஒரு மெக்கானிக்கும் துணியவில்லை, நானும் துணியேன்.) மிதி இறுகியிருந்தும் வண்டி நில்லாமைக்குக் காரணம் இதுவே. மிதி பஞ்சுபோல் அமிழ்ந்திருந்தால் நோய் வேறு: பிறேக் ஒயில் கொதித்துக் குமிழியாகியிருக்கும். டொட் 3 என்னும் ஒயிலுக்குத் தரவிதி கோரும் ஆகக்குறைந்த கொதிநிலை, புதிதாயிருக்கையில் 205 பாகை சதமவளவு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, நூற்றுக்கு நான்கு பங்கிலும் குறைந்த நீரைச் சேர்த்துக்கொண்டாலே 140 பாகையாகத் தாழ்ந்துவிடும். மூடுபனி சூழ்ந்த ஊரிலே ஆண்டுக்கணக்காக மாற்றாத ஒயிலுடன் ஓடுவோர் பலர்.

ஆகவே, புதியதொன்றும் பூட்டுமுன் பழையதை அதன் செய்தோர் எண்ணியவாறு ஆக்கவேண்டுமென்று பிடிவாதமாக நின்றேன். நான்கு டிறம்களையும் கழற்றினோம். பின்புறத்திலே ஒரு வீல் சிலிண்டர் துருவேறி இறுகிக் கிடந்தது. மறுபுறத்து லைனிங் அச்சொயில் குடித்து மினுங்கியது. அதாவது, வண்டி இதுவரை முன்சில்லுகளாலே மட்டும் நின்றிருக்கிறது. பழைய லைனிங்குகளிலே கல்நார் இருக்கலாமாதலால் தூசியைக் காற்றடித்து ஊதவிடாமல் ஈரத்துணியாலே துடைத்தோம். சிலிண்டர்களை மண்ணெண்ணெயாலே கழுவும் வழக்கம் எம்மிடையே உண்டு. கனிய எண்ணெய் பட்ட றப்பர் வளையங்கள் ஊதிப்போய்விடும். அதைச் சொன்னபோது பக்கத்துக் கராஜ் பாஸ் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு தமது மண்ணெண்ணெய்ப் பேணியைத் தூர வைத்தார்.

இனி, மாற்றத்துக்கு வருவோம். குறுவண்டியின் டிறம் 10 அங்குல விட்டமும், லைனிங் ஒன்றரை அங்குல அகலமும் உடையன. 109 அங்குல நெடுவண்டிக்கோ டிறம் 11 அங்குலம். லைனிங் இரண்டேகால் அங்குலம். விட்டம் பத்திலொரு பங்கு கூடினால் அதே அழுத்தத்துக்குத் தடுக்கும் திருப்புதிறனும் அவ்வளவு கூடும். அகலம் ஒன்றரை மடங்காவதால் சூட்டைத் தாங்க இடம் அதிகம். இவற்றைவிட முக்கியமானது சூக்களின் அமைப்பு. குறுவண்டியிலே ஒரு சிலிண்டர் இரு சூக்களையும் தள்ளும். சுழலும் டிறம் ஒரு சூவைத் தன்னோடு உள்ளிழுத்து இறுக்கும். மற்றதை அப்பால் தள்ளும். நெடுவண்டியின் முன்சில்லிலே சூவுக்கு ஒன்றாக இரு சிலிண்டர்கள் இருப்பதால், முன்னோக்கி ஓடும்போது இரு சூக்களும் உள்ளிழுக்கப்படும். இவை குறுவண்டியின் அச்சிலே பெரிய வெட்டுக்கொத்து இன்றிப் பொருந்துவன. மூன்றாம் வரிசையின் கடைசி ஆண்டுகளிலே தொழிற்சாலையே குறுவண்டிக்கு இவற்றை முன்புறத்திலே பூட்டி, பின்புறத்தை 10 அங்குலமாகவே விட்டது. நாங்களும் அவ்வாறே செய்தோம். இறக்கத்திலே பாரம் முன்னே சாய்வதால், பின்புறப் பிறேக்கைப் பெருப்பித்தால் பின்சில்லுகள் பூட்டுண்டு வண்டி குறுக்கே திரும்பும்.

இவ்வமைப்பிலே இடப்பக்கத் தட்டு வேறு, வலப்பக்கத் தட்டு வேறு. என்னோடு படித்த நண்பரொருவர் (பெயரைச் சொன்னால் கோபிப்பார்) தம் வண்டிக்கு ஒரு கராஜிலே இதே மாற்றத்தைச் செய்வித்தார். அதன்பின் பிறேக் முன்னையிலும் மோசமாயிற்று. லைனிங் மாற்றினர், சிலிண்டர் மாற்றினர், வாரத்துக்கொருமுறை எயார் எடுத்தனர். பின்னோக்கி ஓடும்போது மட்டும் வண்டி மதிலில் மோதியதுபோல் நின்றது. அதைக் கேட்டவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் பூட்டிவிட்டிருந்தனர்.

முன்புறத்திலே இரண்டு சிலிண்டர்கள் நான்காகிவிட்டபடியால், அவற்றை நிரப்பப் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஒயில் போதாது. மிதி தரையைத் தொடும். துவாரம் பெருத்த மாஸ்டர் சிலிண்டர் வேண்டும். அது பெருத்தால் காலின் அழுத்தமும் கூடவேண்டும். சேர்வோவுக்குரிய இடம் இங்கேதான் வருகிறது. தம்பி மகன் கேட்டதை மறுத்த நான், இப்போது நானே வாங்கச் சொன்னேன். அவன் முகத்திலே ஒரு வெற்றிப் புன்னகை. ஆனால் நான் வாங்கச் சொன்னது மூன்றாம் வரிசை வண்டியின் சேர்வோவும், அதனோடு வந்த இரட்டை மாஸ்டர் சிலிண்டரும். பழைய வண்டியிலே நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில்வழி. எங்காவது ஒரு குழாய் உடைந்தால், நான்கும் போயின. இரட்டை வழியிலே முன்னதோ பின்னதோ எஞ்சும். செலவிலே ஒன்றைமட்டும் செய்யமுடியுமாயின் எதைச் செய்வதென்று என்னைக் கேட்டால், பெரிய டிறம்மையும் சேர்வோவையும் விட்டு இதனையே சொல்வேன். பெற்றோல் இயந்திரத்தை அகற்றி டீசல் பூட்டியோர் மட்டும் கவனிக்க: டீசலிலே போதிய உறிஞ்சல் இராது, தனியே ஒரு வெற்றிடப் பம்பி வேண்டும்.

தட்டுப் பிறேக் பூட்டலாகாதா என்று சிலர் கேட்டனர். கேட்கத்தக்க கேள்வியே. தட்டு சூடேறினால் உராய்வுக் கட்டையை விட்டு விலகாது. ஆற்றைக் கடந்தபின் நீரை விரைவிலே உதறிவிடும். றேஞ்ச் றோவர் 1970இலேயே நான்கு சில்லுகளுக்கும் தட்டுடன் வந்தது; 1983ஆம் ஆண்டின் லாண்ட் றோவர் ஒன்-ரென் முன்சில்லுகளிலே அதனைக் கொண்டது. பழைய வண்டிகளுக்கெனத் தனியார் செய்யும் தொகுதிகளும் உண்டு. அதிவேக நெடுஞ்சாலையிலே ஓடும் வண்டியாயின் நானும் அதையே தெரிந்திருப்பேன். மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் அரிதாகவே ஓடி, பழுதானால் வெல்லவாயச் சந்தியிலே திருத்தப்படவேண்டிய வண்டிக்கு, எந்தப் பாஸும் கண்ணைமூடிக்கொண்டு பூட்டவல்ல உதிரிப்பாகமே மேலானது.

வேலை முடிய ஒன்பது நாட்கள் சென்றன. அதில் மூன்று நாட்கள், இரண்டு சிலிண்டர்களையும் இணைக்கும் ஒரு சிறு குழாயைத் தேடுவதிலே போயின. பின்பு முதலிலே சமநிலத்திலும், அடுத்துச் சிறு சரிவிலும், இறுதியாகக் காலிவண்டியாக வெல்லவாய வரையும் ஓட்டிப்பார்த்தோம். ஏறும் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. மூன்றாம் கியரிலும், செங்குத்தான இடத்திலே இரண்டாம் கியரிலும் இறங்கினோம். நான்கு இடங்களிலே நிறுத்தி டிறம்மின்மேல் நீர்த்துளி தெளித்துப் பார்த்தேன். இரு பக்கமும் ஒரே சூடு, கருகல் மணமில்லை.

அவனுக்கு ஒன்றை நேரிலே காட்டவேண்டியிருந்தது. புதிய முன்பிறேக் முன்னோக்கி ஓடுகையிலே வலியது. பின்னோக்கி உருள்கையில் இரு சூக்களும் அப்பால் தள்ளப்படுவதால் மெலியது. காணிக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையிலே, பள்ளமில்லாத இடமாகப் பார்த்து, வண்டியைச் சிறிது பின்னோக்கி உருளவிட்டு மிதிக்கச் சொன்னேன். அவன் முகம் மாறியது. கைப்பிறேக்கோ சில்லைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள தண்டைப் பிடிப்பது. பின்சில்லொன்று பிடியிழந்தாலோ ஜக்கிலே உயர்த்தப்பட்டாலோ மற்றதும் உருளும். ஆகவே, ஏற்றத்திலே இயந்திரம் நின்றுவிட்டால் நியூற்றலிலே விடலாகாது. இரு பிறேக்குகளையும் ஒருங்கே இட்டு, பின்கியரிலே இயந்திரத்தைத் தொடக்கி, அதன் பிடியிலே மெல்ல இறங்கவேண்டும். பத்துமுறை செய்வித்தேன். பத்தாம்முறை அவனுடைய மூத்த மகள் மதிலிலிருந்து கைதட்டினாள்.

நான் புறப்படும் நாளிலே அவன் வேறொரு யோசனையை வெளியிட்டான்: 6.00-16 ரயர்களைக் கழற்றி, நெடுவண்டியின் 7.50-16 ரயர்களைப் பூட்டினால் வண்டி அழகாயிருக்குமாம். அந்த ரயர் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு உயரம் கூடியது. அதாவது, டிறம்மை 11 அங்குலமாக்கிப் பெற்ற இலாபத்தை ரயர் அப்படியே வாங்கிக்கொள்ளும். புகைவண்டி மேடையிலே ஒரு பழைய கடித உறையின் முதுகிலே கணக்கைப் போட்டுக் காட்டினேன். உறையை வாங்கி மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டான். அதே பையிலே ரயர்க்கடையின் விலைப்பட்டியலும் தலைநீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.