வயதைக் கேட்காத பிரீமியம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்க வருகிற பழைய மாணவர்கள் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், பையன் ஸ்போர்ட்ஸ் பைக் வேணும்னு அடம் பிடிக்கிறான். இன்ஷூரன்ஸோட எவ்வளவு ஆகும்? வாங்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவன். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலிசிகளை வரி வரியாகப் படித்த பிறகுதான் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளிநாட்டுக் கதை ஒன்று. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது குடும்பத்தோடு லண்டனில் இருக்கிறான். அங்கே 17 வயதிலேயே கார் லைசென்ஸ் கிடைக்கும். ஆனால் அவன் மகன் ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரை வாங்க முடியவில்லை. தடுத்தது சட்டம் இல்லை, பிரீமியம். கார் என்ன ரகம், ஓட்டுபவருக்கு என்ன வயது, லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடம், வீடு எந்தப் பகுதியில் என்று எல்லாம் பார்த்துத்தான் அங்கே பிரீமியம் போடுகிறார்கள். சின்னப் பையன்களுக்கு, பழைய கார் வாங்கிய விலையைவிட ஒரு வருட பிரீமியம் அதிகமாகிவிடுவதும் உண்டு. மகன் ஓட்டுகிற காரை அப்பாதான் ஓட்டுகிறார் என்று சொல்லிக் கட்டணத்தைக் குறைத்தால் அதை மோசடி என்றே கணக்கில் எடுக்கிறார்கள்.

இப்போது நம் தர்மபுரிக்கு வாருங்கள். இங்கே ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் குறைவு. நம் பிள்ளைகளுக்கு ஸ்போர்ட்ஸ் பைக்தான். கட்டாயமாகப் போட வேண்டிய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸுக்கு அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் வந்த கட்டணம் இது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய். 150க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். 350க்கு மேல் 2,804 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. இந்தப் பட்டியலில் எஞ்சின் அளவு மட்டுமே இருக்கிறது. ஓட்டுபவருக்கு 18 வயதா 58 வயதா என்று யாரும் கேட்பதில்லை. 155 சிசி யமஹா ஆர்15 வண்டிக்கும், பெரியவர்கள் நிதானமாக ஓட்டுகிற 349 சிசி புல்லட்டுக்கும் ஒரே கட்டணம்!

புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு அது 15,117 ரூபாய். பழைய வாத்தியார் புத்தி விடுமா? நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 8 ரூபாய் சொச்சம். ஒரு டீ விலைகூட இல்லை. லண்டனில் பிரீமியத்தைக் கேட்டதுமே அப்பாவுக்கு "இது ஆபத்தான வண்டி" என்று புரிந்துவிடுகிறது. இங்கே அந்த எச்சரிக்கையே கிடையாது. அதனால் அந்தக் கணக்கை நம் வீட்டில் நாம்தான் போட வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

ஐந்து வருட இன்ஷூரன்ஸ் எப்படி வந்தது தெரியுமா? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் வந்த உத்தரவால்தான் 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்து வருடமும் புது காருக்கு மூன்று வருடமும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமானது. இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காத வண்டியில் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கிடைக்காமல் தவித்ததால் வந்த நல்ல ஏற்பாடு அது.

ஆனால் நம் மக்கள் அதைப் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஐந்து வருடம் எதிரே வருபவருக்கு. நம் வண்டிக்கான பாதுகாப்பு முதல் ஒரு வருடம்தான். அதன் பிறகு வருடாவருடம் நாம் புதுப்பிக்க வேண்டும்.

போன வருடம் பாலக்கோடு பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்த பையனின் அப்பா என் மாணவர். தக்காளி நல்ல விலை போன வருடத்தில் முன்பணம் கட்டி, மீதிக்கு லோன் போட்டு பைக் எடுத்திருக்கிறார். பையனுக்கு 18 முடிய இரண்டு மாதம் இருந்ததால் வண்டி அப்பா பெயரில். 18 ஆனதும் பையன் லைசென்ஸ் எடுத்துவிட்டான். பெயரை மட்டும் மாற்றவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி, வேறு எந்த வண்டியும் மோதாமல், தானே பாலத்துக் கட்டையில் மோதிவிட்டான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இன்ஷூரன்ஸ் அஞ்சு வருசத்துக்கு இருக்குதே டீச்சர், ஏன் வராதுங்கறாங்க?"

அந்த ஐந்து வருடப் பாலிசி அடுத்தவருக்கானது. தானே மோதிக்கொண்டவன் அதில் மூன்றாம் நபர் ஆகமாட்டான். வண்டிக்கான பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, யார் பெயரில் வண்டி இருக்கிறதோ, அவரே ஓட்டி, அவரிடம் லைசென்ஸும் இருந்தால்தான் என்று பாலிசியில் எழுதியிருக்கிறது. வண்டி அப்பா பெயரில். அவருக்கு லைசென்ஸே கிடையாது. பையன் போய்விட்டான், லோன் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாய்க்கு இதையெல்லாம் விளக்குகிற நேரமா அது? உங்களில் ஒருவருக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

இன்னும் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகிற பையன்கள் பின்னால் ஒரு நண்பனை ஏற்றிக்கொள்கிறார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்தவனுக்கு அது பொருந்தாது, முழு பாலிசி இருந்தால்தான் பொருந்தும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி யாரையாவது இடித்துவிட்டால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அப்பா பெயரில் வண்டி இருந்தால் அது அப்பாவின் நிலத்துக்கே வந்து நிற்கும். 18 நிறையாத பிள்ளையிடம் சாவி கொடுத்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"அப்போ வாங்கவே கூடாதா டீச்சர்?" என்று பையன்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அப்படிச் சொல்லவில்லை கண்ணுங்களா. 18 ஆகி, லைசென்ஸ் எடுத்து, வீட்டில் இருக்கிற 100 சிசி வண்டியை ஒரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிக் காட்டுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே நிதானமாகப் போகத் தெரிந்தவனுக்குத்தான் பெரிய வண்டி. வாங்கினால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். 15 லட்சம் காப்பீட்டை விடாதீர்கள். லோன் முடிகிற வரையாவது முழு பாலிசியைப் புதுப்பியுங்கள். விபத்து, க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்த வண்டிக்கான பிரீமியத்தில் முதல் வருடம் 20 சதவீதம் குறையும், ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை போகும். நிதானத்துக்கு நம் ஊரில் கிடைக்கிற பரிசு அது ஒன்றுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று ராத்திரி ஆர்.சி. புக்கையும் பாலிசியையும் எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். வண்டி யார் பெயரில்? சொந்த வண்டிக்கான பாதுகாப்பு எந்தத் தேதியில் முடிகிறது? 15 லட்சம் காப்பீடு இருக்கிறதா, இல்லையா? பார்த்துவிட்டு "பார்த்தாச்சு டீச்சர்" என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். எத்தனை பேர் எழுதுகிறீர்கள் என்று எண்ணப் போகிறேன். வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரிந்துவிடும்!

எல்லோரும் பத்திரமாகப் போய், பத்திரமாக வீடு திரும்புங்கள்.

உங்கள் டீச்சர்