பழந்தேக்குக்கு ஏற்ற ரம்பம்

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம் இடிபட்டால் நல்ல மரம் தெருவுக்கு வருகிறது. 1896இல் பிளேக் பரவிய பிறகு அமைந்த பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் மனை பிரித்து உருவாக்கிய பேட்டை இது. அந்தக் காலத்துக் கதவு நிலைகளிலும் மாடிப்படிகளிலும் பர்மா தேக்கைத் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். 1863இல் தொடங்கிய பாம்பே பர்மா கம்பெனி வளர்ந்ததே இந்த மரத்தால்தான். அந்தக் கம்பெனிக்கு பர்மாவின் மண்டலே அரசு விதித்த அபராதத்தைக் காரணம் காட்டி 1885இல் ஆங்கிலேயர் அந்நாட்டின் மீது படையெடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட மரத்தை அடுப்புக்குப் போக விட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் செம்பூர் ஃபிளாட்டில் பட்டறை மேசைக்கு இடம் ஏது? மின்ரம்பம் போட்டால் சொசைட்டியில் புகார் வரும். ஜப்பானிய ரம்பத்தைத் தேடியது அதனால்தான். அது இழுக்கும்போது அறுக்கிறது. தள்ளும் ரம்பத்தின் தகடு மடங்காமலிருக்கக் கனம் வேண்டும்; இழுபடும் தகடோ தானாக விறைத்து நிற்கும், மெல்லியதாக இருந்தாலே போதும். தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்துவிடலாம்.

ஜப்பானிய ரம்பங்களில் ரியோபா என்ற வகைக்கு இருபுறமும் பல்: ஒன்று நீளவாக்குக்கு, மற்றது குறுக்குக்கு. ஒரே ரம்பம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். நான் டொசுகி என்ற வகையைச் சொல்வேன். முதுகில் பட்டை போட்டது, தகடு சுமார் 0.3 மி.மீ. கழுந்து வெட்டும்போது அதன் அருமை தெரியும். கத்தி முனையால் கீறிய கோட்டில் பல்லை வைத்து, அழுத்தாமல் இழுத்தால், பழுப்புத் தூள் மாவாக உதிர்கிறது. தேக்கின் எண்ணெய் வாசனை எழுகிறது. வெட்டிய முகத்தில் உளி வைக்கவே வேண்டியதில்லை.

தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி ஆசாரி ஒருவரிடம் அதைக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "தேஞ்சா அரம் போடலாமா அண்ணாச்சி?" என்றார். வாங்கப்போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பல்நுனியை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியவை. நுனியில் கருநீலச் சாயல் தெரியும். அரம் அதில் வழுக்கிவிடும். தேய்ந்தால் அலகையே மாற்ற வேண்டும். ஆகவே மாற்று அலகு இங்கே கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது.

இன்னொன்று, இந்த மெல்லிய பற்கள் சுகி, ஹினோக்கி போன்ற மென்மரங்களில் பழகியவை. தேக்கில் சிலிக்கா உண்டு, பல் சீக்கிரம் மழுங்கும். கருவேலம், சீசம் என்றால் பல் ஒடிவதும் உண்டு. அவற்றுக்குக் கடினமரப் பல் வைத்த அலகு தனியாக வருகிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். இடிபாட்டு மரத்தில் ஆணி வேறு. தலை முறிந்து உள்ளேயே தங்கிய ஆணியைக் கண் காணாது, சுற்றிலும் மரம் கறுத்திருப்பதுதான் அடையாளம். காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். இதைச் செய்யாமல் நான் டொசுகியை உறையிலிருந்து எடுப்பதில்லை.

கனத்த சட்டத்தை நீளவாக்கில் பிளக்கும் வேலை மட்டும் ஆசாரியின் பட்டறைக்குப் போகிறது. அங்கே அதற்கு வட்ட ரம்பம் இருக்கிறது.