வீட்டிலேயே எக்நாக்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நெருங்கினாலே கடைகளில் எக்நாக் என்ற பானம் வந்துவிடும். பால், க்ரீம், சர்க்கரை, முட்டை, மேலே ஜாதிக்காய்த் தூள். பெரியவர்களுக்கு ரம்மோ பிராந்தியோ. 1826இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இதை முன்னிட்டுக் கலவரமே நடந்திருக்கிறது!

என்னைக் கேட்டால், வீட்டில் செய்வதுதான் ருசி. 4 மஞ்சள் கருவை அரை கப் சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடியுங்கள். 2 கப் பாலையும் 1 கப் க்ரீமையும் சூடாக்கி, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் முட்டை திரிந்துவிடும். பிறகு சிறுதீயில் கிண்டுங்கள். கரண்டியின் முதுகில் படிந்ததை விரலால் இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும்; அதுதான் பதம், 71 டிகிரி செல்சியஸ். வடிகட்டி, குளிரவைத்து, ஜாதிக்காயை அப்போதே துருவிப் போடுங்கள்.

பச்சை முட்டையில் செய்ததை மட்டும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.