எனக்கு மூணு போதும்

தீபாவளிக்கு மறுநாள். கிள்ளானில் அண்ணன் வீட்டு வரவேற்பறையில், முறுக்கு டப்பாவைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என் ஒன்பது வயது மகன், சிங்கப்பூரிலிருந்து பையில் வைத்துக் கொண்டுவந்த சின்ன மெகா டிரைவைத் தொலைக்காட்சியில் இணைத்துக்கொண்டிருந்தான். பழைய விளையாட்டுகளை உள்ளே அடக்கி, உள்ளங்கையில் பிடிக்கும் அளவில் செகா நிறுவனம் 2019ல் வெளியிட்ட கருவி அது. அவனுக்காக வாங்கியது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

'கோல்டன் ஆக்ஸ்' திரையில் வந்தது. மூன்று வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"அம்மா, யாரை எடுக்கலாம்?"

"டைரிஸ்" என்றேன்.

"மாமா, நீங்க?"

சோபாவில் சாய்ந்திருந்த அண்ணன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "குள்ளத் தாத்தா" என்றார்.

அன்று நானும் அண்ணனும் சரியாகப் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் மருந்து, மாத்திரை பற்றி மட்டும் புலனத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்வோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1993ல் எனக்குப் பதினோரு வயது, அண்ணனுக்குப் பதினேழு. சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா, யாரிடமோ வாங்கிய பழைய மெகா டிரைவ் ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதோடு வந்தது ஒரே ஒரு கேசட். அதுதான் கோல்டன் ஆக்ஸ். வேறு கேசட் வாங்க வழியில்லாததால் அந்த ஒன்றையே ஒரு வருடத்துக்கும் மேலாக விளையாடினோம்.

ஜப்பானில் மகோத்தோ உச்சிடா வடிவமைத்த விளையாட்டு இது. 1989ல் முதலில் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரமாக வந்து, அதே ஆண்டில் மெகா டிரைவுக்கும் வந்துவிட்டது. 'டெத் அடர்' என்ற அரக்கன் அரசரையும் இளவரசியையும் பிடித்து வைத்துக்கொண்டு, தங்கக் கோடரியையும் கைப்பற்றிவிடுகிறான். அவனைத் தேடி மூவர் புறப்படுகிறார்கள். வழியில் எலும்புக்கூடுகள் மண்ணைப் பிளந்துகொண்டு எழும். சுத்தியல் தூக்கிய இரட்டை ராட்சசர்கள் வருவார்கள். ஓர் ஊரே ஒரு மாபெரும் ஆமையின் முதுகில் இருக்கும். எதிரியைத் தள்ளிவிட்டு, அவன் ஏறி வந்த நெருப்புக் கக்கும் மிருகத்தில் நாம் ஏறிக்கொள்ளலாம்.

அந்த மூவரும் பதவிக்கோ பரிசுக்கோ கிளம்பியவர்கள் அல்லர். மூவர் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது. வாள் ஏந்திய ஆக்ஸ் பேட்லரின் தாயை டெத் அடர் கொன்றுவிட்டான். டைரிஸ் ஃபிளேர் என்ற வீராங்கனை அப்பா, அம்மா இருவரையும் இழந்தவள். கோடரி தூக்கிய தாடிக் கிழவர் கிலியஸ் தண்டர்ஹெட் தம்முடன் பிறந்த சகோதரனைப் பறிகொடுத்தவர். இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கேசட்டோடு வர வேண்டிய புத்தகம் எங்களுக்கு வரவில்லை. மூவரில் ஒருத்தி பெண் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. அந்தக் காலத்து விளையாட்டுகளில் பெண் என்றால் பெரும்பாலும் கடத்தப்படுவதற்காகத்தான் வருவாள். இவளோ வாளோடு மீட்கப் போகிறாள்.

அம்மாவுக்கு மட்டும் அவளைப் பிடிக்கவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ளைக்கு ஒரு முழத் துணி வாங்கிக் குடுக்க ஆளில்லையா?" என்பார். அம்மா வரும் சத்தம் கேட்டால் அண்ணன் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார்.

இருவர் சேர்ந்து ஆடும்போது எனக்கு எப்போதும் டைரிஸ். அண்ணனுக்கு எப்போதும் கிழவர். கொம்பு வைத்த தலைக்கவசம், வெள்ளைத் தாடி, தரையில் பந்துபோல் உருண்டு போய் எதிரியை இடிக்கும் வித்தை. அண்ணனுக்கு அந்தக் கிழவரைத்தான் பிடிக்கும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டில் மந்திரம்தான் முக்கியம். நீல நிறத்தில் ஒரு குட்டித் திருடன் மூட்டையோடு ஓடி வருவான். அவனை அடித்தால் மந்திரக் குப்பிகள் கீழே விழும். எவ்வளவு குப்பி சேர்க்கிறோமோ அவ்வளவு பெரிய மந்திரம். மூவருக்கும் அளவு ஒன்றல்ல. கிழவரின் இடி மின்னலுக்கு 3 படிகள், ஆக்ஸ் பேட்லருக்கு 4, டைரிஸின் நெருப்புக்கு 6. ஆறாவது படிக்கு வந்துவிட்டால் பிரம்மாண்டமான டிராகன் தலை ஒன்று தோன்றித் திரை முழுக்க நெருப்பை ஊதும். ஆனால் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சேர்த்ததெல்லாம் தீர்ந்துவிடும். கொஞ்சம் செலவழித்துக் கொஞ்சம் மிச்சம் வைக்கிற வசதி இரண்டாம் பாகத்தில்தான் வந்தது.

ஆக, மந்திரம் குறைந்தவர் எதிரியின் பக்கத்தில் போய்க் கோடரியால் அடித்துத்தான் பிழைக்க வேண்டும். அண்ணன் அப்படித்தான் ஆடினார். திருடன் வந்தால் துரத்தி அடிப்பார். குப்பிகள் சிதறியதும் ஒதுங்கி நின்றுவிடுவார்.

"நீ எடு பாப்பா."

"உங்களுக்கு?"

"எனக்கு மூணு போதும்."

அது நல்ல தந்திரமும்கூட. ஆறு படி உள்ளவளிடம் குப்பி சேர்ந்தால்தான் இருவரும் தப்பிக்கலாம். அண்ணன் கணக்கில் கெட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தொல்லையும் உண்டு. நம் வாள் பக்கத்தில் நிற்கும் நம் ஆளையும் வெட்டும். பயத்தில் நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பேன். பாதி அடி கிழவர் மேல்தான் விழும். "எதிரி அந்தப் பக்கம் இருக்கான்மா" என்று அண்ணன் சிரிப்பார். ஒருமுறை என் வெட்டில் கிழவர் பள்ளத்தில் விழுந்து போனார். நான் அழுதேன். அண்ணன் அடுத்த உயிரோடு வந்து, "பாரு, தாத்தா திரும்பி வந்துட்டார்" என்றார்.

மறு வருடம் அப்பா ஓட்டிய லாரி விபத்துக்குள்ளானது. உயிர் பிழைத்தார், ஆனால் இடது காலில் பழைய பலம் வரவே இல்லை. அண்ணன் அப்போது எஸ்பிஎம் முடித்திருந்தார். ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்து வந்த கடிதத்தை மடித்து, அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். கையைக் கழுவிவிட்டு, "வா, ஒரு ஆட்டம்" என்பார். சில நாள் பாதி ஆட்டத்திலேயே தூங்கிவிடுவார். திரையில் கிழவர் அசையாமல் நிற்பார்.

கடைகளில் இருந்த பெரிய இயந்திரத்தில், ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பெட்டிக்குள்ளிருந்து வெளியே குதித்துத் தெருவில் ஓடுவது போல் ஒரு காட்சி உண்டு. வீட்டுக் கருவியில் அது கிடையாது. பல வருடம் கழித்து அந்தக் காட்சியைப் பார்த்தபோது, எனக்குத் தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிளில் போகும் ஓர் ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

நான் பல்கலைக்கழகம் போனேன். கட்டணத்தை அண்ணன் கட்டினார். இன்று சிங்கப்பூரில் கணக்காய்வாளராக இருக்கிறேன். ஊரார் கணக்கை எல்லாம் சரிபார்க்கிறவள், என் வீட்டுக் கணக்கைப் பார்க்க முப்பது வருடம் எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த இரண்டு மாதக் கதை. அண்ணன் மகள் எஸ்பிஎம் முடித்திருக்கிறாள். இயன்முறைச் சிகிச்சை படிக்க ஆசை. தனியார் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமாவுக்கு இடமும் கிடைத்தது. "ஒரு வருஷம் வேலைக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார் அண்ணன். அந்த வாக்கியத்துக்கு முடிவு என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டில் நான் ஓர் உறையில் பணம் வைத்துக் கொண்டுபோனேன். போதாததற்கு, "நீங்க எனக்குச் செஞ்சதுக்கு இது கால்வாசிகூட இல்லைண்ணா" என்றும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் உறையை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். "நான் கணக்கு எழுதி வச்சிருந்தேனா? நீ எதுக்குமா எழுதுறே?"

அண்ணி சமாதானம் பேசினார். எடுபடவில்லை. உறையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். அடிக்க நினைத்தது ஒன்றை, என் வெட்டு விழுந்தது அண்ணன் மேல்.

இப்போது தீபாவளிக்கு மறுநாள். என் மகன் டைரிஸ், அண்ணன் கிழவர். முப்பது வருடம் ஆகியும் அண்ணனுக்குக் கை மறக்கவில்லை. நீலத் திருடன் ஓடி வந்தான். கிழவர் உருண்டு போய் இடித்தார். குப்பிகள் சிதறின. கிழவர் ஒதுங்கி நின்றார்.

"அப்பா, நீங்க எடுக்கலையா?" என்று மகள் கேட்டாள்.

"எனக்கு மூணு போதும்மா."

நான் கையில் வைத்திருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்தேன். அதே வார்த்தை, அதே குரல். மூன்று போதும் என்று சொன்னவர் அந்த மூன்றையாவது என்றைக்காவது நிரப்பிக்கொண்டாரா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

"தம்பி, அம்மாகிட்ட குடு" என்று மகனிடமிருந்து கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கிழவர் நகர்ந்து டைரிஸுக்கு இடம் விட்டார்.

அடுத்த திருடனை நான் துரத்தினேன். அடித்தேன். குப்பிகள் விழுந்தன. விலகி நின்றேன்.

"எடு பாப்பா."

"எனக்கு நிறைஞ்சிருச்சுண்ணா. நீங்க எடுங்க."

"ஆறு வரைக்கும் போகுமே உனக்கு."

"ஆறும் நிறைஞ்சிருச்சு."

திரையின் மேலே பார்த்தால் தெரியும், அது பொய். அண்ணனும் பார்த்திருப்பார். முன்னே நகர்ந்துவிட்டால் திரும்பி வந்து எடுக்க முடியாது. குப்பிகள் தரையில் கிடந்தன. பிள்ளைகள் "மாமா, எடுங்க! எடுங்க!" என்று கத்தினார்கள். கிழவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக நடந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

உறையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆட்டம் முடிந்தது, சாப்பாடு முடிந்தது. மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்கு அண்ணன்தான் காரில் கொண்டுவந்து விட்டார். என் மகன் பின்னிருக்கையில் தூங்கிவிட்டான். நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்தி, சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"பாப்பா, அந்தப் படிப்புக்கு எப்பப் போய்ப் பதியணும்னு சொன்னே?"

"ஜனவரிக்குள்ளண்ணா."

"சரி. முதல் வருஷம் நீ கட்டு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

மூன்று வருடப் படிப்பு. ஒரு வருடம்தான் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். வாதாடாமல் தலையாட்டினேன். ஒரேயடியாக எல்லாம் வேண்டாம், ஒவ்வொன்றாக எடுக்கட்டும்.